படகு போன இரவில் எழுதட்டும்

கேள்வி: மகள் 12-ஆம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். நர்சிங் படி என்றால் தமிழ் இலக்கியம்தான் படிப்பேன் என்கிறாள். எந்நேரமும் நோட்டில் கதை எழுதுகிறாள். அவள் அப்பா விசைப்படகுத் தொழில், நான் கடல்பாசி எடுக்கப் போகிறேன். கடைக்குட்டி மகன் எட்டாம் வகுப்பு. அப்பத்தா படுத்த படுக்கை. எழுதிப் பிழைக்க முடியுமா? – ஒரு தாய், பாம்பன்

முடியாது, அம்மா. தமிழில் கதை மட்டும் எழுதிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பலருக்குச் சோறு போடுவது சினிமாவும் தொலைக்காட்சியும்தான். 200 ரூபாய் விலையில் ஒரு புத்தகம், 500 பிரதி, எழுதியவருக்கு 10 சதவீதம் என்று வையுங்கள். அத்தனையும் விற்றால் 10,000 ரூபாய். விற்றுத் தீர இரண்டு வருடம் ஆகலாம், எழுதி முடிக்க அதற்கு முன் இரண்டு வருடம் ஆகியிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் வலையில் நல்ல இறால் பட்டால் ஒரே நாளில் வருகிற காசு இது.

அதற்காக நோட்டைப் பிடுங்கி அடுப்பில் வைக்கவும் வேண்டாம். பக்கத்துக் கீழக்கரையில் உமறுப்புலவருக்குச் சீதக்காதி இருந்தார், புலவர் பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டார். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று இன்னும் சொல்கிறோமே தவிர, அப்படிக் கொடுக்கிறவர் இப்போது யாரும் இல்லை. உங்கள் மகளுக்கு அவளுடைய மாதச் சம்பளம்தான் சீதக்காதி. சம்பளத்துக்கு ஒரு படிப்பு, எழுத்துக்கு வாரத்தில் இரண்டேகால் மணி நேரம். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாமல் தனித்தனியாக ஏற்பாடு செய்தால் இரண்டும் நிற்கும்.

முதலில் அந்த இரண்டேகால் மணி நேரம். 'தினமும் விடிகாலை நாலரைக்கு எழுந்து எழுது' என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். உங்கள் வீட்டில் அது நடக்காது. படகுக்குப் போகிறவருக்கு அந்த நேரத்தில்தான் டீயும் கட்டுச்சோறும் வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீங்கள் பாசிக்குப் போகும் நாட்களில் அடுப்பும் அப்பத்தாவும் அவள் பொறுப்பு. தினமும் எழுதுவேன் என்று சபதம் எடுக்கிற பிள்ளை இரண்டாவது வாரமே தவறவிடும். தவறவிட்டதும் தனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடும். பலர் எழுத்தை விடுவது திறமை இல்லாமல் அல்ல, இப்படிப் பொருந்தாத அட்டவணை போட்டுக்கொண்டுதான்.

உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு அட்டவணை இருக்கிறது. விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலை கரை திரும்பும். படகு போன அந்த மூன்று இரவும் வீட்டில் ஓர் ஆள் குறைவு, சமையல் சுருக்கம், சத்தம் குறைவு. எட்டரையிலிருந்து ஒன்பதேகால் வரை, ஒவ்வோர் இரவும் முக்கால் மணி நேரம். கணக்கு சரியாக வருகிறதா? படகு வந்து சேரும் காலையில் எழுத வேண்டாம். மீன் பிரிக்கிற நேரத்தில் நோட்டோடு உட்கார்ந்தால் வீட்டில் சண்டைதான் வரும், அந்தச் சண்டையில் நியாயமும் அவள் பக்கம் இருக்காது. காற்று மாறிப் படகு போகாத வாரத்தில் மூன்றில் ஒன்று கிடைத்தாலும் போதும். விட்டதை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதித் தீர்க்கக் கூடாது. கடன் போல ஏறிவிடும்.

முக்கால் மணி நேரத்தில் கையால் 200 சொல் வரும். வாரத்துக்கு 600. ஒரு சிறுகதை 1,800 சொல் என்றால் மூன்று வாரத்தில் முதல் வரைவு முடியும். அதை ஒரு வாரம் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, எடுத்துத் திருத்தி எழுத இரண்டு வாரம். ஆக ஆறு வாரத்துக்கு ஒரு கதை. செமஸ்டர் தேர்வு, கோயில் கொடை, மாதா திருவிழா, மழை எல்லாம் போக வருடத்துக்கு ஆறு தேறும். 12 கதை சேர்ந்தால் ஒரு தொகுப்பு. இந்த வேகத்தில் போனால் பட்டம் வாங்கும்போது கையில் ஒரு தொகுப்பு இருக்கும்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தேர்வு முடிந்த விடுமுறையும் சேர்ந்து வருவதால் 'இந்த இரண்டு மாதத்தில் நாவலே எழுதிவிடுவேன்' என்பாள். எழுத மாட்டாள். வருடத்திலேயே வீட்டில் ஆள் அதிகமாகவும் காசு குறைவாகவும் இருக்கும் காலம் இது. ஆனால் கேட்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. வலை கட்டும் இடத்தில் ஆண்கள் பேசுவதைக் கேட்கட்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதைச் சிறு வயதில் பார்த்தவர்கள் இன்னும் உங்கள் தெருவில் இருப்பார்கள், அப்பத்தாவுக்கே தெரிந்திருக்கும். மருந்து கொடுக்கும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்டால் போதும். புதுக்கதையைத் தொடாமல், பழையதைத் தட்டச்சு செய்வதும் படிப்பதுமாக இந்த 61 நாளை ஓட்டட்டும்.

நோட்டு விஷயம் அற்பமாகத் தெரியும், இல்லை. பின் அடித்த நோட்டு உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். நூல் தைத்த லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். மை பேனா வேண்டாம், ஐப்பசி மழையில் தாள் ஈரம் இழுத்து எழுத்து பரவும். பால்பாயின்ட் போதும். நோட்டை மூடியுள்ள எவர்சில்வர் தூக்குப் பெட்டியில் வைக்கட்டும். ஒரு பக்கம் எழுதி, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட வேண்டும். திருத்தம் அங்கே வரும். முடிந்த கதையைக் கைபேசியில் யூனிகோடில் தட்டி, தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைக்கட்டும். தம்பி கேம் விளையாடுகிற கைபேசி என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது. குரல் வழித் தட்டச்சை நம்ப வேண்டாம். 'வத்தை', 'கச்சான்' என்று கடற்கரைச் சொல்லைச் சொன்னால் அது வேறு எதையாவது எழுதி வைக்கும்.

என்ன எழுதுவது? பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் பெரும்பாலும் நிலா, மழை, பெயர் இல்லாத நகரத்தில் பெயர் இல்லாத காதல். தப்பில்லை, எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு கதையை எந்த ஊரில் வைத்தாலும் ஓடும் என்றால் அது இன்னும் கதையாகவில்லை. ஒரு பயிற்சி கொடுங்கள். நீங்கள் பாசி எடுத்து வரும் ஒரு நாளை அவள் எழுதட்டும், 'கடல்', 'அழகு', 'கஷ்டம்', 'வாழ்க்கை' என்ற நான்கு சொற்கள் மட்டும் வரக் கூடாது. அப்போது வேறு வழியில்லாமல் பார்க்கத் தொடங்குவாள். பாறை அறுக்காமல் இருக்க விரலில் சுற்றும் துணியை எந்தப் பழைய சேலையில் கிழித்தீர்கள், கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வீர்கள், மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் ஒரே சாக்கில் கலந்துவிட்டால் யார் உட்கார்ந்து பிரிக்கிறார்கள், எடை போடும்போது வியாபாரி ஈரத்துக்கு என்று எத்தனை கிலோ கழிக்கிறார், அப்போது உங்கள் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது. இதில் ஒரு வரியைக்கூட மதுரையிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கிறவரால் எழுத முடியாது. எழுதி முடித்ததும் உங்களிடம் வாசித்துக் காட்டட்டும். இலக்கணப் பிழையைத் தமிழ் ஆசிரியை பார்த்துக்கொள்வார். 'கட்டக்கோரைப் பாசிக்கு இந்த மாசம் யாருடி போவா?' என்று கேட்க உங்களால்தான் முடியும்.

ஆனால் அவள் வாசித்துக் காட்டுவதை மட்டும் கேளுங்கள். அவள் இல்லாதபோது நோட்டை எடுத்துப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு முறை அப்படிப் படித்தது தெரிந்தால், அதன் பிறகு அம்மா படித்தால் பரவாயில்லை என்ற அளவுக்குத்தான் எழுதுவாள். அந்த எழுத்தால் யாருக்கும் பயன் இல்லை.

'தெருக்கதையை எழுதிவிட்டால் ஊர் என்ன சொல்லும்' என்ற பயம், கடிதத்தில் நீங்கள் சொல்லாவிட்டாலும், உங்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம். ஒரு மனிதரை அப்படியே எடுக்காமல், இரண்டு பேரை ஒருவராக்க வேண்டும். தொழிலை மாற்ற வேண்டும், படகின் பெயரையும் தெருவையும் மாற்ற வேண்டும். உள்வீட்டுச் சண்டை எதுவானாலும் ஒரு வருடம் ஆறட்டும். கோபத்தில் எழுதியது நோட்டிலேயே இருக்கலாம், அனுப்பத்தான் கூடாது.

இனி படிப்பு. பி.ஏ. தமிழ் படித்தால் எழுத்தாளராகலாம் என்று அவளும், படித்தால் வேலையே இல்லை என்று நீங்களும் நினைக்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. தமிழ்ப் பட்டத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வாசல் ஆசிரியர் பணி: மூன்று வருடப் பட்டம், இரண்டு வருட பி.எட்., பிறகு தகுதித் தேர்வு, அதற்கும் மேல் அரசுப் பள்ளி நியமனத்துக்குப் போட்டித் தேர்வு. அறிவிப்பு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. அதனால் இதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது. 18 வயது முடிந்ததும் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதத் தொடங்கட்டும், அதற்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும். 200 கேள்வியில் 100 தமிழ். அந்தப் பகுதிக்கு 150 மதிப்பெண், அதில் 60 எடுக்காதவரின் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பலர் வழுக்கி விழுகிற அந்த இடம் உங்கள் மகளுக்குச் சாதகம். கூடவே தமிழ்த் தட்டச்சு முதுநிலையும் ஆங்கிலத் தட்டச்சு இளநிலையும் முடித்தால் தட்டச்சர் பணிக்கும் ஆகும், தன் கதையைத் தானே அடிக்கவும் ஆகும்.

நர்சிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று ஷிப்டு மாறி மாறி வரும் வேலை, பிடித்தவர்தான் தாங்க முடியும். பத்திரிகை, விளம்பரம், கன்டென்ட் ரைட்டிங் இவை எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எழுத்துக்கு நல்லது என்று தோன்றும். எனக்கு அதில் சந்தேகம். பகல் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தைச் செதுக்கிவிட்டு வந்தவருக்கு இரவில் சொந்த வாக்கியத்தைப் பார்க்கவே பிடிக்காது. வேலை ஐந்தரைக்கு முடிகிறதா என்பதுதான் எழுதுகிறவர் முதலில் கேட்க வேண்டியது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் அரசுக் கலைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன, கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். அது வீட்டுச் செலவுக்குத்தான் போகும், தெரியும். அதில் 100 மட்டும் புத்தகத்துக்கு என்று ஒதுக்குங்கள். ராமநாதபுரம் புத்தகத் திருவிழா வரும்போது கையில் ஒரு தொகை இருக்கும்.

கடைசியாக ஏமாற்றுகள். 'உங்கள் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கிறோம், 500 ரூபாய் அனுப்புங்கள், சான்றிதழும் கேடயமும் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் வரும். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அந்தத் தொகுப்பை வாங்குவது அதில் எழுதியவர்கள் மட்டுமே. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம், அதற்குக் காசு கேட்கும் பதிப்பகத்தை அங்கேயே விட்டுவிடலாம். ஒப்பந்தத்தில் 'காப்புரிமை முழுவதையும் எழுதிக் கொடுக்கிறேன்' என்று இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது, பதிப்பிக்கும் உரிமை மட்டும், இத்தனை வருடத்துக்கு என்று இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தைச் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். 18 ஆகும் வரை அவள் போடும் கையெழுத்து செல்லாது, நீங்களோ அப்பாவோ படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். இதழ்களுக்கு அனுப்பும் கதையை நோட்டின் கடைசித் தாளில் தேதியோடு குறித்து வைக்கட்டும். மூன்று மாதம் பதில் இல்லை என்றால் அடுத்த இதழ். ஒரே கதை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் போகக் கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் அப்புறம் இரண்டு கதவும் மூடிவிடும். பரிசு பற்றி இப்போது பேச வேண்டாம், சாகித்ய அகாதெமியின் இளம் எழுத்தாளர் விருதுக்கே 35 வயது வரை இடம் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லியாயிற்று, எட்டரை மணிக்குப் பாத்திரம் யார் கழுவுவது? நீங்கள் பாசியில் இடுப்பொடிந்து வந்திருப்பீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் இருக்கிறானே. வாரத்தில் மூன்று இரவு, ஒரு சோற்றுப்பானை, ஒரு குழம்புச் சட்டி, நாலு தட்டு. இருபது நிமிட வேலை. முதல் வாரம் சட்டியில் மீன் வாடை போகாது. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்கக் கற்றுக்கொடுங்கள். ஜூனில் படகு போகிற முதல் இரவுக்குள் பழகியிருப்பான்.