பந்தா காட்டுவதும் மல்யுத்தம்தானா?

கேள்வி: அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்கார்ந்து 2002இல் நடந்த ராக் – ஹல்க் ஹோகன் மல்யுத்த மோதலை டிவியில் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பையனோ, ‘அப்பா, இதுல அடியே இல்லையே, ரெண்டு பேரும் பந்தாதான் காட்டுதானுவ’ என்கிறான். உங்கள் மதிப்பீடு என்ன?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பையன் கவனித்தது உண்மைதான். பதினாறு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் அந்தப் போட்டியில் பிடி குறைவு, அடி அதைவிடக் குறைவு. மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு நின்றுகொண்டு இடது பக்கம் பார்ப்பார்கள், வலது பக்கம் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கே டொராண்டோ ஸ்கைடோம் அரங்கில் கூடியிருந்தவர்கள், அறிவித்த கணக்குப்படி 68,237 பேர், தொண்டை கிழியக் கத்தினார்கள்.

பையனுக்கு முன்கதை தெரிந்திருக்காது, அதைச் சொல்லுங்கள். அன்றைக்கு, மார்ச் 17, ஹோகன்தான் வில்லன். 1996இல் டபிள்யூசிடபிள்யூ என்ற எதிர்க் கம்பெனியில் கெட்டவனாக மாறியவர், அதே கறுப்பு வெள்ளை உடுப்போடு தன் பழைய மல்யுத்தக் கம்பெனியான டபிள்யூடபிள்யூஎஃப்புக்குத் திரும்பி வந்திருந்தார், வயது 48. ராக்குக்கு 29, அவர்தான் நாயகன், கதைப்படி கூட்டம் அவர் பக்கம் நிற்க வேண்டும். முதல் பிடியிலேயே ஹோகன் ஒரு தள்ளு தள்ள, ராக் மல்லாந்து விழ, ஹோகன் புஜத்தை மடக்கிக் காட்ட, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஹோகனுக்குச் சத்தம்.

நான் இதைப் பிற்பாடு கேபிளில்தான் பார்த்தேன், வடசேரியில் ஒரு சலூனில். முடி வெட்ட வந்தவர்களைவிட டிவி பார்க்க வந்தவர்கள் அதிகம். நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகப் பொரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடியே டிவியைப் பார்த்து, “லேய் மக்கா, வில்லனுக்குல்லா கை தட்டுதானுவ” என்றார். அவருக்குப் புரிந்தது ராக்குக்கும் புரிந்தது, அதுதான் அந்தப் போட்டியின் அழகு. எவ்வளவு பெரிய ஸ்டார், கூட்டம் தனக்கு எதிராகக் கத்துகிறது, அவர் முறைத்துக்கொள்ளவில்லை, ஹோகனுக்கு இடம் விட்டு, அவர் அடிக்கு நன்றாக விழுந்து கொடுத்து, அதற்கேற்ற மாதிரி தன் முகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையாக்கிக்கொண்டு போனார்.

கடைசியில் வரும் அந்த முழங்கை அடியைத்தான் பையன் பந்தா என்று சொல்லியிருப்பான். ராக் கீழே கிடப்பவரின் பக்கத்தில் நின்று கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார், முழங்கை உறையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசுவார், கையைக் குறுக்கே வீசிக் காட்டிவிட்டு ஒரு பக்கக் கயிற்றுக்கு ஓடி, திரும்பி, கிடப்பவரைத் தாண்டி, அடுத்த கயிற்றில் மோதித் திரும்பி வந்து, காலை ஒரு உதறு உதறிவிட்டு விழுவார். உண்மைச் சண்டையில் இதற்குள் எதிராளி எழுந்து டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வதுதான். இங்கே அது பொருந்தியதற்குக் காரணம், அதற்கு முன்னால் ராக் எதிராளியைத் தூக்கி மல்லாக்கப் போடும் தன் பெரிய அடியான ராக் பாட்டத்தை மூன்று முறை போட வேண்டியிருந்தது. முதல் தடவை ஹோகன் எழுந்தே விட்டார், உடம்பு நடுங்க, விரலை ஆட்டிக்கொண்டு, முப்பது வயதில் செய்தது போலவே. பூட்ஸ் காலால் முகத்தில் ஓர் உதை, மேலே காலைப் போட்டு ஒரு விழல், நடுவர் மூன்று எண்ணுவதற்குள் ராக் தோளைத் தூக்கிவிட்டார். இரண்டாவது தடவை அதே விழலுக்குப் போனபோது ராக் நகர்ந்துகொள்ள, ஹோகன் வெறும் தரையில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அடுத்தடுத்து இரண்டு ராக் பாட்டம், அப்புறம்தான் அந்த முழங்கை. அவ்வளவு பாடுபட்ட பிறகு காட்டிய பந்தா அது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. நடுவர் விழுந்த பிறகு பெல்ட்டைக் கழற்றி அடித்துக்கொள்ளும் பகுதி இழுவை, எனக்குப் பிடிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு வேறொரு போட்டியைக் கடைசியில் வைத்ததும் தப்பு, கத்திக் கத்திக் களைத்த கூட்டம் அதற்கு என்ன தரும்? ஆனால் தோற்ற ஹோகனை ராக் நிறுத்தி, கூட்டத்துக்கு புஜத்தைக் காட்டச் சொன்னாரே, உங்களுக்குக் கண் கலங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன். எனக்கும் அங்கேதான்.

கேள்வி: சிறு வயதில் ஆசானிடம் கொஞ்சம் அடிமுறை படித்தவன் நான். நெஞ்சில் அப்படி முழங்கை விழுந்தால் ஆள் பிழைப்பானா? ஏமாற்று என்று தெரிந்தும் ஏன் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: நம் மாவட்டத்து ஆசான்கள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று உடம்பில் அடிபட்டால் ஆபத்தான 108 இடங்களை எண்ணிச் சொல்கிறவர்கள், அவர்களிடம் படித்த கண்ணுக்கு இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். கவனித்துப் பாருங்கள், முழங்கையின் முனை நெஞ்சில் படுவதே இல்லை. விழுகிறவர் தன் எடையை இடுப்பிலும் தொடையிலும் தரையில் இறக்கிவிடுவார், எதிராளி மேல் படுவது கையின் சதைப் பகுதி. தரையும் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன்மேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் கான்வாஸ், ஆகவே சத்தம் பெரிதாகக் கேட்கும். முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதான், அதை டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியே 1989இல் நியூஜெர்சி மாநில செனட்டில் ஒப்புக்கொண்டது. ஆனால் விழுவது பொய்யில்லை. ஹோகன் அந்தக் கால் விழலை ஆண்டுக்கணக்காகத் தினம் தினம் போட்டு, முதுகில் பல முறை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அடிக்கிறவன் எதிராளியைக் காப்பாற்றிக்கொண்டே அடிக்க வேண்டும், அதுவும் ஒரு வித்தைதானே? நான் அதைப் பார்க்கத்தான் உட்காருகிறேன்.

கேள்வி: என் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் இருந்து தரைக்குக் குதிக்கிறார்கள், பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், குளச்சல்

பதில்: உடனே நிறுத்துங்கள் அக்கா, கடற்கரை மணலிலும் வேண்டாம். மல்லாந்து விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி வைக்காவிட்டால் பின்மண்டை அடிபடும். விழக் கற்றுக்கொள்ளவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

கேள்வி: பந்தாவில் ராக்கை மிஞ்சிய ஆள் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு, ராண்டி சாவேஜ். ஜிகினா அங்கி, கூலிங் கிளாஸ், ஒற்றை விரலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றும் அந்தச் சுற்று, பக்கத்தில் அவருடைய மேனேஜராக மிஸ் எலிசபெத். 1987 மார்ச் 29 அன்று பான்டியாக் சில்வர்டோமில் ரிக்கி ஸ்டீம்போட்டோடு அவர் மோதியதைத் தேடிப் பாருங்கள். பதினைந்து நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு அடியையும் முன்பே எழுதி, மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு வந்தவர் சாவேஜ், அந்த வேகத்தைப் பார்த்தால் தெரியாது. கடைசியில் ஸ்டீம்போட் அவரைச் சுருட்டி மடக்கிப் பிடித்து ஜெயிப்பார், சாவேஜின் சாம்பியன் பெல்ட்டும் போய்விடும். அதே இரவு ஹோகன் ஆந்த்ரே என்ற மலையைத் தூக்கிப் போட்டதைத்தான் எல்லோரும் பேசுவார்கள், நானும் அதைப் பல முறை பார்த்தவன்தான், ஆனால் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் சாவேஜைப் பாருங்கள். இதற்கு நேர் எதிரானது வேண்டுமென்றால் 2005இல் சம்மர்ஸ்லாம் என்ற நிகழ்ச்சியில் நடந்த ஷான் மைக்கேல்ஸ் – ஹோகன் மோதல். ஹோகன் லேசாக ஒரு குத்து விட்டாலே மைக்கேல்ஸ் ரப்பர் பந்து மாதிரி துள்ளித் துள்ளி விழுவார். அவ்வளவு திறமைசாலி, அன்றைக்கு அதையெல்லாம் எதிராளியைக் கேலி செய்யச் செலவழித்த மாதிரிதான் எனக்குப் பட்டது. இரண்டாவது தடவை பார்க்க மனசு வரவில்லை.