வாசகர் கேள்வி: பெயர்ப்பலகையை அளக்கும் அலுவலகம்

கேள்வி: கற்பனை நாடொன்றைக் களமாக வைத்து நாவல் எழுதி வருகிறேன். அந்நாட்டு அரசு, மக்களின் மொழியைக் கண்காணிக்க ஓர் அலுவலகம் நடத்துகிறது. அதன் ஆட்கள் இரவில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். இத்தகைய அலுவலகம் எங்காவது உண்மையில் உண்டா? அது எப்படி இயங்குகிறது?
(வாசகி, மதுரை)

பதில்: உண்டு, ஆனால் அது இரவில் வந்து கதவைத் தட்டுவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1961இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு மொழி அலுவலகத்தை நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ளலாம். மாகாண மக்களில் ஐந்தில் நான்கு பேர் பிரெஞ்சு பேசுபவர்களாக இருந்தும், மொன்றியல் நகரத்துப் பெரிய நிறுவனங்களில் மேலதிகாரியின் மொழி ஆங்கிலமாகவே இருந்த காலம் அது. மத்திய அரசு 1960களில் அமைத்த விசாரணை ஆணையம், மாகாணத்துக்குள்ளேயே பிரெஞ்சு வம்சாவளியினரின் வருமானம் பிற இனத்தவரில் பெரும்பாலோருடையதைவிட மிகவும் தாழ்ந்திருப்பதைக் கண்டறிந்தது. மனநல மருத்துவராக இருந்து அமைச்சரான கமில் லோரான் 1977இல் கொண்டுவந்த பிரெஞ்சு மொழிச் சாசனத்துக்குப் பின்னணி இந்த அநீதிதான். பணியிடம், கடைப் பலகை, பள்ளி ஆகியவற்றில் பிரெஞ்சைக் கட்டாயமாக்கிய, 101ஆவது மசோதா என்றே இன்றும் மக்கள் குறிப்பிடும் அந்தச் சட்டத்தால், அதுவரை பெரும்பாலும் சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருந்த அலுவலகத்தின் பணி நிறுவனங்களுக்குள்ளும் வலுவாக நுழைந்தது.

அலுவலகத்தின் ஆய்வாளர் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் புகார் கொடுத்த பிறகுதான் கடைக்கு வருகிறார். புகார் எழுத்தில் இருக்க வேண்டும்; கொடுத்தவரின் பெயர் அலுவலகத்துக்குத் தெரியும், அவர் சம்மதமின்றிக் கடைக்காரருக்குச் சொல்லப்படாது. வாடிக்கையாளர் வந்து போகும் பகல் நேரத்திலேயே ஆய்வாளர் வருவார். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் எவ்வளவு எழுத்து தென்படுகிறது, அதில் பிரெஞ்சுக்கு உரிய இடம் பிற மொழியின் இடத்தைப்போல் இரு மடங்காவது இருக்கிறதா, பிற மொழி எழுத்தைப் போலவே அதுவும் தெளிவாகவும் நிலையாகவும் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு கடிதம் வரும். பெரும்பாலான விவகாரங்கள் அத்துடன் முடிந்துவிடுகின்றன. முடியாதவை அரசு வழக்குத் தொடுநரிடம் போகின்றன. அலுவலகம் தானாக அபராதம் விதிக்க முடியாது, யாரையும் கைது செய்யவும் முடியாது. 'மொழிக் காவல்துறை' என்பது எதிர்ப்பாளர்கள் சூட்டிய பெயர்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அலுவலகமும் ஒரு காரணம். 2013இல் மொன்றியலில் உள்ள ஓர் இத்தாலிய உணவகத்தின் உணவுப் பட்டியலில் 'பாஸ்தா' போன்ற இத்தாலியச் சொற்கள் இருப்பதைக் குற்றமாகச் சுட்டி ஆய்வாளர் கடிதம் அனுப்பினார். செய்தி உலகெங்கும் பரவியது. வரம்பு மீறிய ஆர்வம் காட்டிவிட்டதாக அலுவலகமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன் தலைவர் பதவி விலகினார். ஒரு சமூகம் பாடுபட்டுப் பெற்ற சட்டத்தை, அதைச் செயல்படுத்துபவரின் அற்பத்தனமே இப்படி மலிவாக்கிவிடக் கூடும் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சட்டம் ஒரே நிலையில் நின்றுவிடவும் இல்லை. வணிகப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இருக்கலாம் என்ற முதல் விதியைக் கனடா உச்ச நீதிமன்றம் 1988இல் கருத்துரிமைக்கு முரணானது எனச் செல்லாததாக்கியது. ஆனால் பிரெஞ்சுக்கு முதன்மை கேட்பது நியாயமே என்றும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. சில உரிமைகளுக்கு முரணான சட்டத்தையும் நடைமுறையில் வைத்திருக்க இடம் தரும், அரசியல் சாசனத்தின் விலக்குப் பிரிவைக் கொண்டு மாகாண அரசு சில ஆண்டுகள் சமாளித்துவிட்டு, 1993இல் பிற மொழிகளுக்கும் இடம் தந்தது.

ஆகவே உங்கள் நாவலில் நள்ளிரவுக் காட்சி தேவையில்லை என்பேன். வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களில் புகார் எழுதியவர் யார் என்று தெரியாமல், கையில் அரசுக் கடிதத்துடன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கும் கடைக்காரரை எழுதுங்கள்.

கேள்வி: இங்கே சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். பலகையில் தமிழ் எழுத்துப் பெரிதாக இருக்கக் கூடாதாம். பிள்ளைகளும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டுமாம். இச்சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு எதிரானதா?
(ஈழத்து வாசகர், மொன்றியல்)

பதில்: ஆங்கிலத்தைப் போலவே தமிழும் அங்கே 'பிற மொழி'தான், பலகையில் தமிழ் இருக்கலாம், பிரெஞ்சு அதைவிடத் தெளிவாக மேலோங்கி நிற்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆங்கில வழியில் தொடக்கக் கல்வி பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, அரசுப் பள்ளிகளிலும் அரசு மானியம் பெறும் பள்ளிகளிலும் கல்வி பிரெஞ்சில்தான். இதனால் உங்கள் சமூகத்தின் ஒரு தலைமுறையே தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் கையாளும் திறனுடன் வளர்ந்திருக்கிறது. அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

எனக்கு உடன்பாடில்லாதது வேறு. 2022இல் 96ஆவது மசோதாவாக வந்த சட்டம், புதிதாகக் குடியேறியவருக்கு ஆறு மாதங்களுக்குப் பின், உடல்நலம், பொதுப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அரசு பிரெஞ்சில் மட்டுமே தொடர்புகொள்ளும் என்கிறது. இலவச பிரெஞ்சு வகுப்புகளை அரசு நடத்துவது உண்மையே. ஆனால் போரிலிருந்து தப்பி வந்து, இரவு வேலை செய்து, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாற்பது வயதுப் பெண்ணால் ஒரு புதிய மொழியில் அரசுப் படிவத்தை நிரப்பும் அளவுக்கு ஆறு மாதத்தில் தேறிவிட முடியுமா? ஒரு மொழியைக் கற்பதற்கு அரசு உதவும் வேகமும் அதைக் கட்டாயமாக்கும் வேகமும் ஒத்திருக்க வேண்டும். இங்கே கட்டாயம் முந்திவிட்டது.

கேள்வி: பாரிஸில் உள்ள பிரெஞ்சு அகாதெமியும் இதுவும் ஒன்றா?
(வாசகர், புதுச்சேரி)

பதில்: இல்லை. கர்தினால் ரிஷ்லியூ 1635இல் நிறுவிய அகாதெமியில் நாற்பது இடங்கள். அகராதி தொகுப்பதும் அறிவுரை சொல்வதும் அதன் பணி, யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கியூபெக் அலுவலகமோ ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆவணங்கள் முதல் கணினி மென்பொருள் வரை பிரெஞ்சில் இயங்குகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருகிறது. 2025 ஜூன் முதல் 25 முதல் 49 பேர் வரை உள்ள நிறுவனங்களும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. சொல்லாக்கத்திலும் அதன் சாதனை பெரிது. யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய கலைச்சொல் வங்கி ஒன்றை அது நடத்துகிறது. மின்னஞ்சலுக்கு அது முன்வைத்த 'கூரியெல்' என்ற சொல்லைப் பிரான்ஸ் அரசிதழே 2003இல் ஏற்றுக்கொண்டது.