பழைய ஒயரிங்கை விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். தனுஷ்கோடியில் எங்களுக்குக் கரைவலை உண்டு. வலையும் ஐஸும் மீன் பெட்டியும் ஏற்ற, 14 மாதங்களுக்கு முன் 17 லட்சம் ரூபாய்க்கு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன். வாரண்டி 3 வருடம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) விளக்கு எரிந்ததால் மதுரை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். வீல் சென்சரை மாற்றிக் காசு வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. இப்போது, "சென்சருக்குப் போகும் ஒயரிங் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) போய்விட்டது, உப்புக்காற்று அரித்தது, வாரண்டியில் வராது, 38,000 ரூபாய்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் வழக்கு இப்போது உங்களிடம் இல்லை, வண்டியில் மாட்டியிருக்கிற அந்தப் பழைய ஹார்னஸில் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் கழற்றியது உங்கள் பொருள். "பழைய பாகத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்" என்று வேலைச் சீட்டான ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுங்கள்.

ஒயரை இணைக்கும் கனெக்டருக்குள் பச்சை பூத்திருந்தால் உப்பு ஈரம் போயிருக்கிறது, சரி. அந்த ஈரத்தை வெளியே நிறுத்தத்தானே அங்கே ரப்பர் சீல் வைக்கிறார்கள்? சீல் சரியாக உட்காராமல் இருந்தாலோ, கிளிப் கழன்று ஒயர் சஸ்பென்ஷனில் உரசி அறுந்திருந்தாலோ கடல்மேல் பழி போட முடியாது. சென்சரை மாற்றியபோது அவர்களே கனெக்டரைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் அது சேவைக் குறைபாடு. சென்சரைத் தொடும் முன் மல்டிமீட்டரால் ஒயரைச் சோதித்தார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். முதல் பில் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தக் கேள்வி உதவும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)-இல் பொருளின் 'குறைபாடு' என்பதற்குள், விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரம் இல்லாமல் போவதும் அடங்கும். மணலிலும் தண்ணீரிலும் பாயும் என்று விளம்பரம் செய்திருந்தால் அதையும், தங்கச்சிமடம் முகவரி போட்ட இன்வாய்ஸையும் சேர்த்து வையுங்கள். கடலோரத்துக்காரருக்கு விற்றுவிட்டு உப்பைக் காரணம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் வாரண்டி புத்தகத்தில் அரிப்பு பற்றிய வரியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், அவர்களுடைய வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்றும் சொல்வார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். கோவை பிஎஸ்ஜி நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. சம்பளத்துக்கு டிரைவர் வைத்து ஓட்டியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் எழுதாத இரண்டு விஷயங்கள். வெளியே எங்காவது ஒயரை வெட்டி ஃபாக் லைட் மாட்டினீர்களா? மாட்டியிருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள், அது வழக்கைப் பாதியாக்கிவிடும். அப்புறம், வெள்ளை போர்டு வண்டியில் அரிச்சல்முனைக்குச் சுற்றுலாப் பயணிகளைக் காசுக்கு ஏற்றுகிறீர்களா? பெர்மிட், இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கிக்கொள்வீர்கள்.

முதலில் டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியலாம். மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடமே போதும், மதுரைக்கு அலைய வேண்டாம். வண்டி விலைப்படி கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஹார்னஸை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் கேட்கலாம். அப்படி அனுப்பினால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். புது வண்டி கேட்காதீர்கள், ஒரு ஒயருக்காக யாரும் 17 லட்சத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். பழுதுச் செலவு, முதல் பில், வண்டி நின்ற நாள்களுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு போதும்.

தீர்ப்பு வரும்வரை ஏபிஎஸ் இல்லாமல் மழையில் பாம்பன் பாலம் ஏற வேண்டாம். மாற்றிவிடுங்கள். பணம் கட்டும்போது பில்லில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.