விழுந்த கருவி, காணாமற்போன பதிவு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு. சின்னச் சிப் வைத்துச் செய்த கருவி விழுந்து (புரோகிராம் கிராஷ் ஆகி) தானாக எழும்பிவிடுகிறது, ஏன் விழுந்தது என்ற பதிவு மட்டும் இல்லை.

கேள்வி (ஏறாவூர்): இறால் குளத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி. சிப் எஸ்டிஎம்32எஃப்407, கர்னல் (டாஸ்க் எனும் வேலைகளை மாறி மாறி ஓட்டும் மென்பொருள்) ஃப்ரீ ஆர்டிஓஎஸ். ஃபால்ட் ஹேண்ட்லரிலேயே (பிழை வந்தால் சிப் தானாக ஓட்டும் கோட்) கிராஷ் விவரத்தை ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதுகிறேன். பல தடவை வெறுமையாகவோ பாதியாகவோதான் கிடைக்கிறது. ஏன்?

பதில்: கோடையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. எழுதுவதற்கு முன் ஃபிளாஷில் ஒரு 128 கிலோபைட் செக்டரை (ஒன்றாகவே அழிக்க வேண்டிய துண்டு) அழிக்கிறீர்கள். அதற்கு ஒரு செக்கன், சிலவேளை இரண்டு செக்கனும் ஆகும். நீங்கள் வைத்திருக்கும் வாட்ச்டொக்கோ (குறித்த நேரத்துக்குள் கோட் தட்டாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) அரை செக்கன். அழிப்பு முடியும் முன்பே அது ரீசெட் அடித்துவிடுகிறது. இடையில் வாட்ச்டொக்கைத் தட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஃபிளாஷை அழிக்கும்போது அதே ஃபிளாஷிலிருந்து ஓடும் கோட் நின்றுவிடும், தட்டுவதற்கு ஆள் இல்லை.

இது எனக்கும் நடந்தது. சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் உலர்த்திக்குப் பலகை செய்து கொடுத்திருந்தேன். ஆலைக்காரர் காலையில் போன் எடுத்து, “ராவும் நிண்டிட்டு தம்பி” என்பார். போய்ப் பதிவை வாசித்தால் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை வெறும் 1. அழித்து முடித்த ஃபிளாஷ் அப்படித்தான் இருக்கும். அழித்தாயிற்று, எழுத நேரம் கிடைக்கவில்லை. இது விளங்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் சொல்கிறேன்: சாகிற நேரத்தில் அழிக்காதீர்கள்.

கிராஷ் நேரத்தில் தொட வேண்டியது ரேமை மட்டும்தான். லிங்கர் கோப்பில் (எது நினைவகத்தில் எங்கே போகும் என்று சொல்வது) நோஇனிட் பகுதி ஒன்றை ஒதுக்குங்கள். ஸ்டார்ட்அப் கோட் அதைப் பூச்சியமாக்கக் கூடாது, பூட்லோடரும் (முதலில் ஓடி புரோகிராமைத் தொடக்கிவிடும் கோட்) தொடக் கூடாது. அதில் எழுத வேண்டியவை: வன்பொருள் தானாக ஸ்டாக்கில் (ஓடும் கோட் தற்காலிகத் தரவை வைக்கும் ரேம் பகுதி) தள்ளும் 8 ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்), ஃபால்ட் நிலை ரெஜிஸ்டர்கள், டாஸ்க் பெயர், ஸ்டாக்கில் ஒரு 200 பைட், பதிவு உண்டு என்று காட்ட ஒரு மேஜிக் எண், பதிவு கெடவில்லை என்று சரிபார்க்க சிஆர்சி. இவ்வளவும் போதும். ஸ்டாக்கை எடுக்கும் முன் ஸ்டாக் பொயின்டர் (ஸ்டாக் எங்கே நிற்கிறது என்ற முகவரி) ரேமுக்குள்தான் நிற்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஹேண்ட்லருக்குள்ளேயே இன்னொரு ஃபால்ட் வரும். பிறகு ரீசெட். அடுத்த பூட்டில் (கருவி மறுபடி எழும்பும்போது) சிஆர்சி சரியென்றால், ஆறுதலாக ஃபிளாஷுக்கு மாற்றுங்கள்.

மார்கழி மழையில் கரண்ட் போனால் ரேமில் இருந்ததும் போய்விடும். அதையும் காப்பாற்ற வேண்டுமென்றால் இதே சிப்பில் 4 கிலோபைட் பேக்அப் ரேம் இருக்கிறது. விபேட் காலில் (சிப்பின் பற்றரி முனை) ஒரு காசு பற்றரி போட்டு, அந்த ரேமுக்கு மின் கொடுக்கும் பேக்அப் ரெகுலேட்டரையும் ஒன் பண்ணுங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி (கல்லடி): ஃபால்ட் ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் (எழுத்தை வெளியே அனுப்பும் ஃபங்ஷன்) போட்டிருக்கிறேன். மேசையில் நன்றாக வேலை செய்கிறது. விடலாமா?

பதில்: எடுத்துவிடுங்கள். ஸ்டாக் நிரம்பித்தான் விழுந்தது என்றால் பிரின்ட்எஃப் அதே ஸ்டாக்கை இன்னும் தோண்டும். அதற்கு வேண்டிய லொக்கை (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்கை மட்டும் விடும் தடை) வேறு டாஸ்க் பிடித்திருந்தால் அங்கேயே உறைந்துவிடும்.

கேள்வி (அக்கரைப்பற்று): பதிவில் வரும், விழுந்த இடத்தின் முகவரியை ஏடிடிஆர்2லைனில் (முகவரியைக் கோடின் வரியாக மாற்றும் புரோகிராம்) போட்டால் சம்பந்தமே இல்லாத வரியைக் காட்டுகிறது. இடையில் ஒரு சின்ன மாற்றம் செய்து மறுபடி பில்ட் பண்ணினேன், அவ்வளவுதான்.

பதில்: அந்த “அவ்வளவுதான்” தான் பிழை. கருவியில் ஓடும் அதே பில்டின் எல்ஃப் கோப்பு (எந்த முகவரி எந்த வரி என்ற குறிப்போடு பில்டில் கிடைப்பது) வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் அந்த முகவரி வெறும் இலக்கம்தான். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பில்டின் எல்ஃபையும் எடுத்து வையுங்கள், பில்ட் அடையாளத்தைப் பதிவுக்குள்ளேயே எழுதுங்கள். பழையதை அழித்துவிட்டீர்களென்றால், அதே கொமிட்டையும் (சேமித்து வைத்த கோடின் பதிப்பு) அதே கொம்பைலரையும் வைத்து மறுபடி கட்டிப் பாருங்கள். பைனரி பைட்டுக்குப் பைட் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

கேள்வி (ஒலுவில், மாணவி): தங்கச்சிமார் செய்யும் ஒரு சின்ன புரொஜெக்டுக்கு, இஎஸ்பி32 சிப்பின் கோர் டம்ப்புக்கு (விழுந்த நேரத்து நினைவகத்தின் பிரதி) 64 கிலோபைட் பார்டிஷன் (ஃபிளாஷில் ஒதுக்கிய பகுதி) போதுமா?

பதில்: பெரும்பாலும் போதும். ஒவ்வொரு டாஸ்க்கின் ஸ்டாக்கும் அதற்குள் போகிறது, டாஸ்க் கூடினால் இடமும் கூட வேண்டும்.

கேள்வி (காத்தான்குடி): சிப்பின் கோர் கோர்டெக்ஸ் எம்7. நோஇனிட் முறைதான். ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் சிஆர்சி பிழை.

பதில்: காரணம் டேட்டா கேஷ் (ரேமுக்கு முன்னால் இருக்கும் வேகமான சின்ன நினைவகம்). நீங்கள் எழுதியது இன்னும் கேஷில்தான் கிடக்கிறது, ரேமுக்குப் போகவில்லை. ரீசெட்டுக்கு முன் அந்தப் பகுதியை கிளீன் பண்ணுங்கள், அதாவது கேஷில் உள்ளதை ரேமுக்கு எழுதிவிடுங்கள். அந்தப் பகுதியை கேஷின் 32 பைட் வரிசைக்கு அலைன் செய்யவும் வேண்டும் (வரிசையின் தொடக்கத்தில் தொடங்க வேண்டும்).

கேள்வி (செங்கலடி): ஒவ்வொரு கிராஷையும் ஃபிளாஷில் சேர்த்தால் தேய்ந்துபோகாதா?

பதில்: போகும். சிப்புக்குள் இருக்கும் ஃபிளாஷுக்கு ஏறத்தாழ 10,000 அழிப்புத்தான் கணக்கு. பூட் ஆகி 10 செக்கனில் விழும் கருவி ஒவ்வொரு முறையும் அழித்து எழுதினால் 28 மணித்தியாலத்தில் கணக்கு முடிந்துவிடும். ஒரே இடத்தில் மூன்று தடவை விழுந்தால் நாலாவதிலிருந்து எண்ணிக்கையை மட்டும் கூட்டுங்கள், அதுவும் ரேமில். செக்டரைப் பல துண்டாகப் பிரித்து, எல்லாம் நிரம்பிய பிறகே அழியுங்கள். அழிப்பதும் பூட்டில்தான், சாகிற நேரத்தில் இல்லை.

கேள்வி: பலகை கிராஷ் ஆகிறது. பதிவு வரவில்லை. உடனே உதவவும்.

பதில்: எந்தச் சிப், எந்தக் கர்னல், வாட்ச்டொக் எத்தனை செக்கன், பதிவு எங்கே எழுதப்படுகிறது? ஊர் பெயர்கூட இல்லை. இந்த நாலையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.