300 டாலர் கொடுத்துவிட்டேன், கிரீன் கார்டு என்ன ஆகும்?

கேள்வி: நான் 2008-ல் அமெரிக்கா வந்தவன். டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். இன்னும் எச்-1பி விசாதான். கிரீன் கார்டு வரிசை இப்போதுதான் எங்கள் தேதியை நெருங்கியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஓர் அதிபர் வேட்பாளரின் பிரசாரக் குழுவிடமிருந்து போனில் மெசேஜ் மேல் மெசேஜ். 'இன்று நள்ளிரவுக்குள் கொடுத்தால் 500 சதவீத மேட்ச்' என்றார்கள். 25 டாலர்தானே என்று கொடுத்தேன். அது வாராவாரம் போய், 12 தடவையில் 300 டாலர் ஆகிவிட்டது. விசாவில் இருப்பவர் கொடுப்பதே தப்பு என்று இப்போது ஒரு நண்பர் சொல்கிறார். என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாழாகிவிடுமா? எங்கள் சங்கத்துக்காரர் ஒருவரோ, 'அடுத்த தேர்தலுக்கு என்னிடம் கேஷாகக் கொடுங்கள், சிட்டிசன் பெயரில் போட்டுவிடுகிறேன்' என்கிறார். இங்கேயே பிறந்த என் 16 வயது மகன், கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்திலிருந்து தான் கொடுக்கலாமா என்று கேட்கிறான். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். 300 டாலருக்காக யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் நண்பர் சொன்னது சரிதான். அமெரிக்கத் தேர்தலில் பணம் கொடுக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே அனுமதி. எச்-1பி, எச்-4, எல்-1, மாணவர் விசா எல்லாமே இந்தச் சட்டத்தின் கண்ணில் 'வெளிநாட்டவர்'. அதிபர் தேர்தல் என்றில்லை, உங்கள் ஊர் மேயர் தேர்தலுக்கும் இதே தடைதான்.

'17 வருஷமாக வரி கட்டுகிறேனே' என்பீர்கள். இதையே நியூயார்க்கில் தற்காலிக வேலை விசாவில் இருந்த கனடாக்கார வக்கீல் ஒருவர் கோர்ட்டில் போய்க் கேட்டார். 2012-ல் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பை அப்படியே உறுதி செய்து, முடியாது என்று சொல்லிவிட்டது. வரி கட்டலாம், வாக்கும் கிடையாது, நன்கொடையும் கிடையாது.

இதில் கிரிமினல் வழக்கு என்று வர வேண்டுமானால், தெரிந்தே வேண்டுமென்று செய்திருக்க வேண்டும், ஒரே வருடத்தில் 2,000 டாலராவது போயிருக்க வேண்டும். உங்கள் கதையில் இரண்டும் இல்லை. நான் கவலைப்படுவது அந்த 300 டாலரைப் பற்றி அல்ல. பணம் செலுத்தும் பக்கத்தில் பொடி எழுத்தில், 'நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது சட்டப்படி நிரந்தரமாக வசிப்பவன்' என்று ஒரு வாசகம் இருந்திருக்கும். அதை ஒப்புக்கொண்டுதான் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில், பொய்யாகக் குடிமகன் என்று எங்காவது சொல்லிக்கொண்டது உண்டா என்று ஒரு கேள்வி வரும். 'அல்லது' போட்ட அந்த வாசகமும் 'நான் குடிமகன்' என்று நேராகச் சொல்வதும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதை உங்கள் குடியேற்ற வக்கீல்தான் சொல்ல வேண்டும். நான் தேர்தல் பிரசாரக் கமிட்டிகளுக்குக் கணக்கு எழுதுபவன். ரசீது மெயில்களை அச்செடுத்துக்கொண்டு, படிவம் போடும் முன் அவரைப் பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள்.

பணத்தைத் திரும்பப் பெறுவதை இன்றே ஆரம்பியுங்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் ஆக்ட்ப்ளூ அல்லது வின்ரெட் என்று இருக்கும். முன்னது ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு வசூல் செய்யும் தளம், பின்னது குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு. ரசீது மெயிலில் இருக்கும் இணைப்பில் போய், வாராந்தரப் பிடித்தம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். தேர்தல் முடிந்தால் தானாக நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அப்புறம் பிரசாரக் கமிட்டியின் பொருளாளருக்கு நாலு வரி எழுதுங்கள்: நான் விசாவில் இருப்பவன், விதி தெரியாமல் இத்தனை தேதிகளில் இவ்வளவு கொடுத்தேன், திருப்பித் தாருங்கள். தடை உள்ள பணம் என்று தெரியவந்தால் 30 நாளுக்குள் திருப்ப வேண்டியது அவர்கள் கடமை. அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் பத்திரமாக வையுங்கள், வக்கீலுக்கு வேண்டியிருக்கும்.

கார்டு கம்பெனிக்கு போன் போட்டு 'நான் கொடுக்கவே இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் 25 நீங்களே போட்டதுதானே? ஒரு தெரியாத்தனத்தின் மேல் ஒரு பொய்யை ஏன் அடுக்க வேண்டும்? இன்னொன்று, 200 டாலரைத் தாண்டிவிட்டதால் உங்கள் பெயர், ஊர், தொழில், வேலை பார்க்கும் கம்பெனி எல்லாம் மத்தியத் தேர்தல் ஆணையமான எஃப்இசியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எனவே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை, மறைக்க முயல்வதும் வீண்.

சரி, அந்த 500 சதவீத மேட்ச்சுக்கு வருவோம். உங்கள் 25 டாலருக்கு 125 டாலர் போட ஒரு வள்ளல் காத்திருந்தார் என்றுதானே நினைத்தீர்கள்? 2024-ல் ஒரு நபர் ஒரு வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடியது, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிக்கு 3,300, பொதுத் தேர்தலுக்கு 3,300. அந்த 3,300-ஐ 125-ஆல் வகுத்துப் பாருங்கள், 26 பேருக்கு மேட்ச் செய்ததுமே வள்ளலின் வரம்பு தீர்ந்துவிடும். மெசேஜ் போவதோ லட்சக்கணக்கானவர்களுக்கு. 26 பேருக்கு ஒரு வள்ளல் என்று எங்கிருந்து வருவார்கள்? அப்படி யாரும் இல்லை. இத்தனை வருடம் நான் பார்த்த எந்தக் கமிட்டிக் கணக்கிலும் 'மேட்ச்' என்று ஒரு வரவு வரி இருந்ததில்லை.

வாராந்தரப் பிடித்தம் இன்னொரு பொறி. பக்கத்தின் அடியில் மஞ்சள் பெட்டி, அதற்குள் தடித்த எழுத்தில் நாலு வரி தேசபக்தி. 'இதை ஒவ்வொரு வாரமும் தொடர்க' என்பது ஐந்தாவது வரியில் மெல்லிய எழுத்தில் இருக்கும், டிக் மட்டும் முன்கூட்டியே விழுந்திருக்கும். 2020-ல் ட்ரம்ப் தரப்பு இப்படிச் செய்து, கடைசியில் கட்சியோடு சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பைடன் தரப்பு திருப்பியது சுமார் 2 கோடி. இந்த முன்கூட்டிய டிக்கைத் தடை செய்யுங்கள் என்று 2021-ல் எஃப்இசியே ஒருமனதாக நாடாளுமன்றத்துக்கு எழுதியது. அந்த ஆணையத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருமனதாக இருப்பது அத்திப் பூத்த மாதிரி. இன்றுவரை அது சட்டமாகவில்லை. ஏன் ஆகும்? ஓட்டுப் போட வேண்டியவர்களும் அதே பெட்டியில் வசூல் செய்கிறவர்கள்தானே.

'நள்ளிரவு' என்பதும் உங்கள் பணத்துக்கான கெடு அல்ல. மாதக் கடைசியில் கமிட்டி கணக்கை மூடி, அடுத்த மாதம் 20-ம் தேதி அறிக்கை தாக்கல் செய்கிறது. எதிராளியைவிட நம் எண் பெரிதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 2024-ல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 28-ம் தேதி நியூயார்க்கில் ஒபாமா, கிளின்டன் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே இரவில் 2 கோடியே 60 லட்சம் டாலர் என்று அறிவித்தார் பைடன். ஒன்பதே நாளில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் ஒரு கோடீஸ்வரர் வீட்டு விருந்தில் 5 கோடியே 5 லட்சம் என்றது ட்ரம்ப் தரப்பு. மே கடைசியில் நியூயார்க் ஜூரி ட்ரம்பைக் குற்றவாளி என்றது, 24 மணி நேரத்தில் 5 கோடியே 28 லட்சம். ஜூலை 21-ல் பைடன் விலகி கமலா ஹாரிஸ் வந்தார், 24 மணி நேரத்தில் 8 கோடியே 10 லட்சம். இந்த எண்களெல்லாம் முதலில் கமிட்டிகள் தாங்களே சொல்பவை. தணிக்கைக்கு முன்பே தலைப்புச் செய்தி ஆகிவிடும். அந்தத் தலைப்புக்காகத்தான் உங்கள் போன் இரவு 11:40-க்கு அலறியது.

'ஒரு ஆளுக்கு 3,300 என்கிறீர்கள், பாம் பீச் விருந்தில் 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்களாமே' என்று நீங்கள் கேட்கலாம். அது கூட்டு வசூல் கமிட்டி என்ற ஏற்பாடு. ஒரே செக்கை வேட்பாளர், தேசியக் கட்சி, மாநிலக் கட்சிகள் என்று கூறு போட்டுக்கொள்வார்கள். வேட்பாளரிடம் கொடுக்காமல் தனியாகச் செலவு செய்யும் சூப்பர் பேக் என்ற குழுக்களுக்கோ உச்சவரம்பே கிடையாது. 2024-ல் ஈலான் மஸ்க் ஒருவர் மட்டும் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். நீங்கள் 300 டாலரை நினைத்துத் தூக்கம் இல்லாமல் கிடக்கிறீர்கள். இதையெல்லாம் மேற்பார்க்க வேண்டிய எஃப்இசியில் ஆறு நாற்காலி, முடிவெடுக்க நாலு பேர் வேண்டும். 2025-ல் அந்த நாலு பேர்கூட இல்லாமல் போனது. உங்கள் வருமான வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில், அதிபர் தேர்தல் நிதிக்கு 3 டாலர் ஒதுக்கட்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த அரசுப் பணத்தை வாங்கிப் பொதுத் தேர்தலில் நின்ற கடைசிப் பெரிய கட்சி வேட்பாளர் 2008-ல் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன், 8 கோடியே 41 லட்சம் டாலர். ஒபாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைப்போல் பல மடங்கு வசூலித்தார். அன்றோடு அந்த ஏற்பாடு செத்தது, கட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

இனி அந்தச் சங்கத்துக்காரர். இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் இதுவரை செய்தது தெரியாத்தனம், அவர் சொல்வதைக் கேட்டால் அது குற்றம். இன்னொருவர் பெயரில் நன்கொடை போடுவது குடிமகன் செய்தாலும் தப்பு. உங்கள் விஷயத்தில் பணம் வெளிநாட்டவருடையது, பெயர் வேறொருவருடையது, இரட்டைத் தப்பு. போதாததற்கு, இனி 'எனக்குத் தெரியாது' என்றும் நீங்கள் சொல்ல முடியாது.

பொருளாளர் மேஜையில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி விருந்து முடிந்து ஒரு கவர் வந்தது. ஒரே உணவகத்தில் வேலை பார்க்கும் நாலு பேர், ஒரே தேதியில், ஆளுக்கு 2,000 டாலர் செக். நாலு செக்கிலும் ஒரே நீல மை, ஒரே மாதிரி சாய்ந்த எழுத்து. தொழில் என்ற இடத்தில் ஒன்றில் 'சமையல்', ஒன்றில் 'பரிமாறுபவர்'. நாலு பேருக்கும் போன் செய்தேன். ஒருவருக்கு வேட்பாளரின் பெயரே தெரியவில்லை. கவரை அப்படியே திருப்பி அனுப்பினோம். அதைக் கொண்டுவந்த கனவான் அதற்குள் வேட்பாளரோடு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டிருந்தார். இந்த ஆட்களுக்கு வேண்டியது அந்தப் போட்டோதான். வம்பு வந்தால் மாட்டுவது செக்கில் கையெழுத்துப் போட்ட ஏழை.

பெரிய இடத்துக்காரர்களும் மாட்டியிருக்கிறார்கள். நியூயார்க் ஓட்டல் அதிபர் சந்த் சத்வால் 1,80,000 டாலருக்கு மேல் பினாமிகள் வழியாகக் கொடுத்ததாக 2014-ல் ஒப்புக்கொண்டார். அதே வருடம் வலதுசாரி எழுத்தாளர் தினேஷ் டிசூசா, 20,000 டாலரை வேறு ஆட்கள் பெயரில் ஒரு செனட் வேட்பாளருக்குக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2018-ல் அதிபரே அவருக்கு மன்னிப்பு கொடுத்தார். உங்களுக்கும் எனக்கும் அப்படி ஒரு மன்னிப்பு வரும் என்று நம்பி இதில் இறங்க முடியாது. சங்கத்துக்காரரிடம் 'வேண்டாம் சார்' என்று சொல்லுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். விருந்து டிக்கெட் என்று விற்றாலும் அது நன்கொடைதான்.

கடைசியாக மகன். அவன் இங்கே பிறந்த குடிமகன், கொடுக்கலாம். 17 மற்றும் அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் கொடுக்கக் கூடாது என்று 2002-ல் ஒரு சட்டம் வந்தது, அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. ஆனால் கொடுக்கும் முடிவு அவனுடையதாக இருக்க வேண்டும், பணமும் அவனுடையதாக இருக்க வேண்டும். கடைச் சம்பளம் அவன் பெயரில் உள்ள கணக்கில் இருந்தால் சரி. 'இந்தா 50 டாலர், அந்த வேட்பாளருக்குப் போடு' என்று நீங்கள் கொடுத்தால் அது உங்கள் பணம், ஆகவே தப்பு. பிறந்தநாளுக்கு என்று கவரில் வைத்துக் கொடுத்து, கண் சாடையில் சொன்னாலும் அதேதான். உங்கள் கார்டில் போட்டுவிட்டு அவன் பிறகு உங்களுக்குத் திருப்பித் தருவதும் வேண்டாம், ஸ்டேட்மென்ட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

யாருக்குக் கொடுக்கலாம் என்று அவனுக்கு யோசனை சொல்வதையும் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டவர் இன்னொருவரின் நன்கொடையை வழிநடத்தக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அப்பா யோசனை சொல்லாமல் இருப்பது நம் வீடுகளில் நடக்கிற காரியமா என்று கேட்காதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் நடந்தாக வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. சட்டம் சிறுவரை அனுமதித்தாலும், ஆன்லைன் பக்கங்கள் பலவற்றில் 'எனக்கு 18 வயது நிறைந்தது' என்று ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். அவன் அதை அழுத்தினால் அது பொய். அப்பா ஒரு டிக்கில் மாட்டியது போதும், பையனுமா? அவனுக்குத் தன் பெயரில் செக் புத்தகம் இருந்தால் 25 டாலருக்கு ஒரு செக் எழுதித் தபாலில் அனுப்பட்டும். கூடவே ஒரு தாளில் பெயர், முகவரி, வயது, பணம் தன் சம்பளம் என்பது எல்லாம் அவன் கையெழுத்திலேயே இருக்கட்டும். செக்கைப் பிரசாரக் கமிட்டியின் முழுப் பெயருக்கு எழுத வேண்டும். வேட்பாளர் படத்தை மேலே போட்டு, அடியில் பொடி எழுத்தில் 'எந்த வேட்பாளரின் அனுமதியும் பெறாதது' என்று அச்சிட்டிருந்தால் அது வேறு யாரோ நடத்தும் வசூல், அந்தத் தாள் குப்பைக்கு. வரிக் கழிவு கிடைக்குமா என்று பையன் கேட்டால், கிடையாது என்று சொல்லுங்கள்.