ஸ்டாக் தளத்தில் பயணப் படங்கள் நிராகரிப்பு: புது கேமரா தேவையா?

ஸ்டாக் தளத்துக்கு, அதாவது படங்களை விற்றுத் தரும் இணையதளத்துக்கு, அனுப்பிய பயணப் படங்கள் திரும்பி வருகின்றன, இதையே பிழைப்பாக்க வேண்டும், புது கேமரா வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இப்போது இருக்கும் கேமராவே போதும். 'ஃபோகஸ் சரியில்லை' என்று திரும்பி வரும் பயணப் படங்களில் பெரும்பாலும் பிரச்சினை ஷட்டர் வேகத்தில்தான், அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரத்தில். ஜூமை முழுக்க இழுத்து, கையில் பிடித்தபடி 1/60 நொடியில் எடுத்தால் அதிர்வு விழும். மொபைல் திரையில் தெரியாது. சரிபார்ப்பவர்கள் முழு அளவில் பார்க்கிறார்கள்.

திரும்பி வந்த படத்தைக் கணினியில் 100% அளவில் திறந்து, கண்ணிமை, பலகை எழுத்து போன்ற மெல்லிய ஓரங்களைப் பாருங்கள். எல்லா ஓரமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அதிர்வு. முகம் மங்கி, பின்சுவர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

அதிர்வு என்றால் 200 மி.மீ. ஜூமுக்கு குறைந்தது 1/250 நொடி, ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சாரில் 1/320 வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அமைப்பு) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளிகளை) பின்னால் குறைக்கலாம், அதிர்வைத் திருத்துவது கடினம். இருட்டாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் நிழலைத் தூக்குவதுதான் இன்னும் மோசம்.

இதையே பிழைப்பாக்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று: படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அடையாளம் தெரியும் முகத்துக்கு மாடல் ரிலீஸ் (படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம்) இல்லாவிட்டால் செய்தி, கட்டுரைகளுக்கான எடிட்டோரியல் பிரிவில்தான் போடலாம், விளம்பரத்துக்கு விற்க முடியாது. ஈஃபிள் கோபுரத்தின் இரவு விளக்கொளிக்கும் அனுமதியில்லாமல் விளம்பரத்துக்கு விற்க முடியாத இதே சிக்கல் உண்டு. ஆட்களைப் படமெடுத்தால் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் அந்த ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.