லயன்ஸ் கிளப்பில் என்னதான் நடக்கிறது? கேட்டதும் சொன்னதும்

இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊர் லயன்ஸ் கிளப் என்ற சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். இரண்டு முறை செயலாளர், ஒரு முறை பொருளாளர், தலைவர் பதவி வரும்போதெல்லாம் எதையாவது சொல்லி நழுவிவிடுவேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றேன். வந்து குவிந்த கேள்விகளில் சில இங்கே.

சார், சேர்வதற்கு பணக்காரராக இருக்க வேண்டுமா? பெண்கள் சேரலாமா?

எங்கள் கிளப்பில் அரிசி மண்டி முதலாளியும் இருக்கிறார், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரும் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியையும் இருக்கிறார். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஒருவர் உங்களை முன்மொழிய வேண்டும், அவ்வளவுதான். பெண்களை 1987 முதல் முழு உறுப்பினராகவே சேர்க்கிறார்கள். சந்தா ஊருக்கு ஊர் மாறும், அதனால் சேரும் முன்பே "மொத்தம் எவ்வளவு, அதில் சாப்பாட்டுக்கு எவ்வளவு" என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்காமல் சேர்ந்துவிட்டு ஆறே மாதத்தில் காணாமல் போகிறார்கள்.

ஓட்டலில் கூட்டம் போட்டுச் சாப்பிடுகிறீர்களே, அது நாங்கள் கொடுத்த நன்கொடையா?

நியாயமான சந்தேகம். கிளப்புக்கு இரண்டு கணக்கு உண்டு. உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கில் சேரும். சாப்பாடு, மண்டப வாடகை எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் வாங்கிய பணம் சேவைக் கணக்கில் சேரும், அதிலிருந்து ஒரு காபி கூட வாங்கக்கூடாது. விதி அப்படி. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், கணக்கைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், காட்டத் தயங்குகிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

கூட்டம் எப்படி இருக்கும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி இருக்கிறது, தாமதமாக வந்தவர், பேட்ஜ் குத்தாமல் வந்தவர் என்று பிடித்து சின்ன அபராதம் போடுவதுதான் அவர் வேலை. அவருக்கு அபராதம் போட வேண்டுமென்றால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அது ஒரே ஒரு முறை நடந்தது, அன்று கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

ஏன் எப்போது பார்த்தாலும் கண் முகாம்? நாங்களும் எங்கள் கிராமத்தில் நடத்த என்ன செய்ய வேண்டும்?

1925-ல், பார்வையும் செவியும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசினார், பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று பிடித்துக்கொண்ட வேலை, இன்னும் விடவில்லை.

நடத்துவது நீங்கள் நினைப்பதைவிட எளிது, மருத்துவப் பகுதியை கண் மருத்துவமனைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். நம் பங்கு இடம், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு, தண்ணீர், சாப்பாடு, வரிசை. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தைப் பல பக்கம் திருப்பிப் போட்ட அட்டை வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். கண்புரை என்று முடிவானவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிப் போய், ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்து, இரண்டு மூன்று நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏறிக் கிடந்தால் அன்று கூட்டிப் போக மாட்டார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நாற்பது பேரைத் தேர்வு செய்தால் பஸ் கிளம்பும்போது முப்பதுகூட இருக்க மாட்டார்கள். போன முகாமில் ஒரு பாட்டி, மஞ்சப்பையில் மாற்றுச் சேலை வரைக்கும் எடுத்து வந்தவர், படியில் கால் வைத்தபின் இறங்கிவிட்டார். பயமா பாட்டி என்றால், "பயமென்ன சாமி, ரெண்டு ஆட்டுக்கு யாரு தழை போடுவா?" எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் அவர் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, பேசி, மூன்று நாளைக்கு ஆட்டுக்கு ஆள் ஏற்பாடு செய்த பிறகுதான் பஸ் நகர்ந்தது. அதனால் முகாமுக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய் ஆடு, மாடு, பேரப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் வழி பேசி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் அதே ஆட்களை அழைத்து வர வேண்டும், இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள் என்று ஊரில் பேச்சு. உண்மையா?

பாதி உண்மை. நாங்களே ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம், ரிப்பன் வெட்டினோம், நாலு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பூட்டு தொங்குகிறது. தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் இணைப்பே கொடுக்கவில்லை, சுத்தம் செய்ய ஆளும் பேசவில்லை. தப்பு முழுக்க எங்களுடையது. எங்களுக்கு வருடம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், தலைவர் மாறுவார், புதியவர் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பார், பழையது அநாதையாகும். இப்போது ஒவ்வொரு ஜூனிலும் பழைய பணிகளைப் போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி அடுத்த தலைவர் கையில் கொடுக்கிறோம். அந்தப் பள்ளியில் முதல் குறிப்பே "குழாய்" என்றுதான் இருந்தது.

அண்ணா, என் எடை 47 கிலோ. ரத்தம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் தம்பி. 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45-க்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். உங்கள் எடைக்கு 350 மில்லி எடுப்பார்கள். அடுத்த முறைக்கு ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் பொறுக்க வேண்டும். வெறும் வயிற்றில் வராதீர்கள், போன முறை இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் அப்படித்தான்.

நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டா?

கிளப்பின் அறக்கட்டளைக்கு 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிவிலக்கு தரும் வருமான வரிச் சான்று) இருந்தால் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் இல்லை.

உறுப்பினராகாமல் உதவிக்கு மட்டும் வரலாமா?

தாராளமாக வாங்க. கண் முகாமன்று காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள். முதல் வேலை வாசலில் செருப்பை ஜோடி ஜோடியாக ஒதுக்கி வைப்பது, ஏனென்றால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வெளியே வருபவர்களுக்குத் தன் செருப்பு எது என்று தெரியாது.